வகுத்தலை மறந்த பொருளியல்

பொருளியல் என்னும் பெயரால் இன்று கல்லூரிகளிலும் அரசு அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் வழங்கும் கலை, ஈட்டுவதைப் பற்றி மிகப் பேசும். பெருக்குவதைப் பற்றி அதனினும் மிகப் பேசும். ஈட்டியதும் பெருக்கியதும் எவர் கையில் போய்ச் சேர்ந்தன, எவ்வழியாகச் சேர்ந்தன என்று வினவுவார்க்கு மட்டும் விடை கூறாது. இறைமாட்சி உரைக்கப் புகுந்த வள்ளுவர், பொருள் வருவழியை உண்டாக்குவதையும் திரட்டுவதையும் காப்பதையும் கூறியதோடு நில்லாமல், வகுத்தலையும் அரசின் வல்லமைகளுள் ஒன்றாக வைத்தார். முதல் மூன்றையும் வைத்துக்கொண்டு நான்காவதைக் கைகழுவிய கலையே இன்றைய பொருளியல். அஃது எவ்வாறு கைகழுவப்பட்டது என்பதற்கு, செல்வர்தம் உடைமைமேல் இந்திய நடுவணரசு விதித்திருந்த வரிகளின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

முதலில் அக்கலையின் அடித்தளத்தைக் காண்க. 1899ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலார் யான் பேட்சு கிளார்க்கு, செல்வப் பகிர்வு பற்றி ஒரு நூல் எழுதினார். கட்டற்ற போட்டி நிலவும் சந்தையில், உழைப்பவன் தன் உழைப்பு ஆக்கிய மதிப்பையும் முதலிட்டவன் தன் முதல் ஆக்கிய மதிப்பையும் பெறுவர். எவனும் எவனையும் சுரண்டுவதில்லை என்பது அதன் பிழிவு. பின்வந்த கல்விநூல்கள் இக்கருத்தைக் கணக்குக் குறிகளால் அணிசெய்து, தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகின்றன. இதில் மறைந்து கிடக்கும் புரட்டு நுண்ணியது. ஒரு காணி நன்செய் நெல் விளைக்கும் என்பது மெய். ஒரு தறி துணி தரும் என்பதும் மெய். ஆனால், நிலம் விளைத்ததை நிலவுடையான் விளைத்ததாகவும், தறி தந்ததைத் தறியுடையான் தந்ததாகவும் எழுதிக்கொள்வது எந்தக் கணக்கு? முதல் பயன் தருவது வேறு. முதலை உடைமையாக வைத்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கேம்பிரிட்சுப் பொருளியலார் யோவான் இராபின்சன் 1940களிலேயே எடுத்துக்காட்டினார். எடுத்துக்காட்டியும் கல்விநூல்கள் திருந்தவில்லை. அவ்வுடைமை தந்தை இறந்த நாளில் மகனுக்கு வந்ததாயின், அதில் மகன் ஆக்கிய மதிப்பு யாது? பிறந்ததைத் தவிர வேறொன்றுமில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்ததை எதிர்த்துப் பெரும்போர் நடந்த மண்ணிலும், பிறப்பால் வரும் பெருஞ்செல்வத்தைப் பற்றி ஒரு வினா எழாமலிருப்பது வியப்பே!

அடித்தளம் இது. கூரை வேய்ந்தவர் சைமன் குசுநெட்சு. தொழில் வளரத் தொடங்குங்கால் ஏற்றத்தாழ்வு மிகும். வளர்ச்சி முதிர்ந்தபின் அது தணியும் என்று அவர் 1955இல் எழுதினார். அமெரிக்கா, இங்கிலாந்து, செருமனி ஆகியவற்றின் சிலவாகிய புள்ளிகளைக் கொண்டு எழுதப்பட்டது அக்கட்டுரை. அதில் சான்று இருபதில் ஒரு பங்கே, எஞ்சியது உய்த்துணர்வே என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவரும் குசுநெட்சே. அந்த நேர்மையை அவர்பின் வந்தவர்கள் மறந்தனர். 'பொறுத்திரு, தானே சரியாகும்' என்னும் பகுதியை மட்டும் ஏழை நாடுகளின் திட்டக்குழுக்கள் மறைமொழியாக ஓதின.

பொறுத்திருந்ததன் பயன் என்ன? பாரிசு நகரிலுள்ள உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட கணக்கைப் பார்க்க. இந்திய மக்களுள் உச்சியிலுள்ள 1 விழுக்காட்டினர், 1980களின் தொடக்கத்தில் நாட்டு வருவாயில் ஏறத்தாழ 6 விழுக்காட்டைப் பெற்றனர், 2022-23இல் 22.6 விழுக்காட்டைப் பெற்றனர். வெள்ளையர் ஆட்சியில், 1922 முதல் கிடைக்கும் கணக்குகளில், இவ்வளவு பெரிய பங்கு அவர்களுக்கு இருந்ததில்லை. நாட்டுச் செல்வத்தில் அவர்கள் கையிலிருப்பது 40.1 விழுக்காடு. கீழ்ப்பாதியில் கிடக்கும் நூற்றுக்கு ஐம்பதின்மர் கையிலிருப்பது 6.4 விழுக்காடு. இக்கணக்கை மறுப்பாரும் உளர். போதிய புள்ளிகள் இல்லை என்பர். செல்வத்தை ஆண்டுதோறும் மதிப்பிட்டு எழுதச் செய்த வரிகளை ஒழித்துவிட்டுப் புள்ளி போதாது என்பது, விளக்கை அணைத்தவனே வழி தெரியவில்லை என்று முறையிடுவது போலாம்.

ஒழிக்கப்பட்ட அவ்வரிகள் யாவை?

இறந்தார் விட்டுச்சென்ற உடைமைமேல் வரி விதிக்கும் சட்டம் 1953இல் வந்தது. 1956இல், அங்கேரியில் பிறந்து கேம்பிரிட்சில் கற்பித்துவந்த நிக்கோலசு கால்டர், இந்திய வரிமுறையை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். கால்டர் புரட்சியாளர் அல்லர். வருமான வரியின் உச்ச அளவை 45 விழுக்காட்டுக்குக் குறைக்கலாம் என்றே அவர் கூறினார். ஆனால், அதனோடு செல்வத்திற்கு ஒரு வரி, சொத்து விற்ற மிகைக்கு ஒரு வரி, கொடைக்கு ஒரு வரி, தனியாள் செலவுக்கு ஒரு வரி என்று நான்கும் சேர வேண்டும் என்றார். தனித்தனியே பார்த்தால் இவை நான்கு சுமைகள். சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று காவல்செய்யும் நான்கு கண்கள். ஒருவன் வருவாயை மறைத்தால் அது செல்வமாகத் திரண்டு செல்வவரிக் கணக்கில் தலைகாட்டும். செல்வமாகத் திரளாமல் செலவழித்தால் செலவுக் கணக்கில் தெரியும். மகன் பெயருக்கு மாற்றினால் கொடைக் கணக்கில் தெரியும். விற்றால், விற்றவன் மறைத்ததை வாங்கியவன் ஏடு காட்டிக்கொடுக்கும். பொய்யுரைப்பவன் ஓரிடத்தில் பொய்யுரைத்தால் போதாது, ஐந்திடத்திலும் பொருந்தப் பொய்யுரைக்க வேண்டும். இத்துணை நுட்பமான அமைப்பை அதன்பின் எவரும் இந்நாட்டுக்கு வகுத்துத் தரவில்லை என்றே சொல்லலாம்.

சென்னையில் பிறந்த தி. த. கிருட்டிணமாச்சாரி பணத்துறை அமைச்சராயிருந்து 1957இல் செல்வவரியையும் செலவுவரியையும் கொண்டுவந்தார். முந்திரா குழுமங்களின் பங்குகளை ஆயுள் காப்பீட்டுக் கழகம் வாங்கிய சிக்கலில் அவர் 1958 தொடக்கத்தில் பதவி விலக, அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தைத் தலைமையமைச்சர் நேருவே படித்தார்; கொடைவரி அதில் வந்தது. ஆக நான்கு கண்களும் பெயரளவில் திறந்தன. திறந்த அன்றே அவற்றில் மண்ணும் தூவப்பட்டது. இந்துக் கூட்டுக்குடும்பம் தனி ஆளாகக் கணக்கிடப்பட்டது, அறக்கட்டளைகள் என்னும் பெயரில் அறமுமில்லாக் கட்டளையுமில்லாப் பொறியமைப்புகள் எழுந்தன, விலக்குகள் பெருகின. செலவுவரி 1962இல் நீங்கி, 1964இல் மீண்டு, 1966இல் முற்றாக மறைந்தது. ஒரு கண் போயிற்று. மற்றக் கண்கள் அதன் துணையின்றி மங்கின.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இறந்தார் உடைமைவரி, 20 இலக்கம் உருபாவிற்கு மேற்பட்ட பகுதிக்கு 85 விழுக்காடு வரை ஏறிய காலமும் உண்டு. விலக்கின் எல்லையோ தாழ்ந்திருந்தது. நகரில் ஒற்றை வீடு வைத்திருந்த நடுத்தரக் குடும்பம் வரி அலுவலகத்துக்கு அலைந்தது; ஆலையுடையான் குடும்பம் கணக்கரை அமர்த்தித் தப்பியது. அமைப்பு பழுதுற்றிருந்தது என்பதில் ஐயமில்லை. பழுதை நீக்க வேண்டியவர்கள் என்ன செய்தனர் என்பதே வினா.

1985இல் வி. பி. சிங்கு இறந்தார் உடைமைவரியை ஒழித்தார். அவர் கூறிய கரணியம், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி உருபாவே வருகிறது, தண்டும் செலவு மிகுதி என்பது. அதே ஆண்டில் செல்வவரியின் உச்ச அளவும் 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. வேளாண்நிலம் அல்லாத உடைமைகளுக்கு இவ்விறப்புவரியை விதித்ததும் தண்டியதும் நடுவணரசு. வந்த பணமோ அரசியல் சட்டத்தின் 269ஆம் பிரிவின்படி மாநிலங்களுக்கு உரியது. தனக்கு வாராத வரியைத் தண்டுவதில் தில்லிக்கு என்ன முனைப்பு இருந்திருக்கும்? அவ்வரி ஏன் குறைவாக வந்தது என்று ஆராய்ந்த பொருளியலார் இதனை மட்டும் எண்ணிப்பார்க்கவில்லை.

அடுத்து 1993. இராசா செல்லையா தலைமையில் அமைந்த வரிச்சீர்திருத்தக் குழு, ஆக்கத்திற்குப் பயன்படும் உடைமைகளுக்குச் செல்வவரி கூடாது என்றது. அதன்படி குழுமப் பங்குகள் வரியினின்று விடுபட்டன. மிகுதியான வீடு, மகிழுந்து, நகை, நகர்ப்புற மனை, வானூர்தி, படகு போன்றவையே வரிக்குட்பட்டன. 'ஆக்க உடைமை' என்பது கேட்க இனிய சொல். ஆனால், பெருஞ்செல்வர்தம் செல்வம் நகைப்பெட்டியிலா கிடக்கிறது? பங்கிலன்றோ கிடக்கிறது! ஆயிரங்கோடிப் பங்குடையான் அப்பங்குகளுக்கு ஒரு காசும் கட்ட வேண்டா; இரண்டு வீடும் நான்கு வளையலும் உடையவன் கட்ட வேண்டும். இப்படிச் சதையை எல்லாம் அரிந்தெடுத்த பின்பு, 2015இல் அருண் செட்லி அவ்வெலும்புக்கூட்டை அவைமுன் நிறுத்தி, 2013-14இல் நாடு முழுதும் 1,008 கோடி உருபாவே வந்தது, இதற்காகவா ஒரு வரி என்று வினவினார். அவையும் தலையசைத்தது. செல்வவரி மாய்ந்தது. கொடைவரி 1998ஆம் ஆண்டிலேயே மாய்ந்திருந்தது.

செல்வவரிக்கு மாற்றாக வந்தது எது என்பதையும் நோக்குக. ஆண்டு வருவாய் ஒரு கோடிக்கு மேற்பட்டோர்க்கு 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி. வருவாய் மிகும் என்றும் காட்டினர், அது மெய்யே. ஆயினும், 2000ஆம் ஆண்டின் 80ஆம் சட்டத்திருத்தத்திற்குப் பின், செல்வவரி மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுதியில் அடங்கியிருந்தது. மேல்வரி அத்தொகுதியில் அடங்காது, முழுதும் தில்லிக்கே. 1985இல் மாநிலங்களுக்கு உரியது ஒழிந்தது. 2015இல் பங்குக்குரியது ஒழிந்து பங்கில்லாதது வந்தது. ஏழைக்கும் செல்வர்க்கும் இடையே வகுத்தலை மறந்தவர்கள், மாநிலத்துக்கும் நடுவணரசுக்கும் இடையே வகுத்தலையும் மறந்தனர். மறதியா அது? பின்னர் அந்த மேல்வரியும் செல்வர்க்குச் சுமையாயிற்று போலும். புதிய வரிமுறையைத் தேர்வோர்க்கு, 5 கோடிக்கு மேற்பட்ட வருவாயின் மேல்வரி 37 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக 2023இல் குறைக்கப்பட்டது.

தமிழர் தில்லியில் பணத்துறையில் அமர்ந்தால் தமிழர்க்கு நன்மை விளையும் என்று எண்ணுவார் இவ்வரலாற்றைச் சற்றே நின்று படிக்க. செல்வவரியைக் கொண்டுவந்தவர் சென்னையில் பிறந்தவர். அதன் உயிர்நிலையாகிய பங்குகளை விடுவிக்கச் சொன்ன செல்லையா, சென்னைப் பொருளியல் பள்ளியை நிறுவியவர். பங்குச்சந்தையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குகளின் மிகைக்கு வரியே இல்லை என்று 2004இல் விலக்களித்தவர் சிவகங்கைச் சிதம்பரம். அவ்விலக்கு 2018 வரை நீடித்தது. குழும வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காட்டுக்கு 2019 செபுதம்பர் 20ஆம் நாள் இறக்கிய நிருமலா சீத்தாராமன் மதுரையில் பிறந்தவர். ஊர் எதுவாயினும் அவர்கள் கற்ற பொருளியல் ஒன்றே.

அந்த 2019ஆம் ஆண்டுக் குறைப்பால் அரசு இழக்கும் தொகை ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா என்று அரசே கணக்குக் காட்டியது. குழுமங்கள் அப்பணத்தைக் கொண்டு தொழில் பெருக்கும், வேலை பெருகும் என்பது சொல்லப்பட்ட உறுதி. நடுவணரசின் 2024-25ஆம் ஆண்டுப் பொருளியல் அளவாய்வே இதற்கு விடை எழுதியுள்ளது. பெருங்குழுமங்களின் ஈட்டம் 2023-24இல் 22.3 விழுக்காடு உயர்ந்தது. அவற்றில் வேலை உயர்ந்தது 1.5 விழுக்காடே. இவ்வளவு வெளிப்படையான ஒப்புதலுக்குப் பின்னும், குழும வரிக்குறைப்பு தவறு என்று சொல்லும் துணிவு அவ்வளவாய்வுக்கு வரவில்லை.

மறுபுறம், சோப்பு என்று வழங்கும் வழலைக் கட்டிக்கும் பற்பசைக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கும், 2017 சூலையில் ஒன்றாக்கப்பட்ட சரக்கு-பணி வரி 18 விழுக்காடு. 2025 செபுதம்பரில்தான் அது 5 விழுக்காடாக இறங்கியது. எட்டாண்டுகள், சாலையில் கல்லுடைப்பவளும் ஆலைக்குரியவளும் வழலைக்குக் கட்டியது ஒரே வரி. குழுமத்தின் ஈட்டத்திற்கு விதிக்கும் வரியும் பொருளின் விலைக்கு விதிக்கும் வரியும் ஒரே அளவுகோல் அல்ல என்பது உண்மைதான். ஆயினும், ஒன்றைக் குறைத்தால் வளர்ச்சி வரும் என்று பதைபதைத்தவர்கள், மற்றொன்றைக் குறைக்க எட்டாண்டுகள் எடுத்துக்கொண்டனர் என்பதும் உண்மை.

செல்வத்திற்கு வரி கூடாது என்பார் கூறும் தடைகள் மூன்று. ஒன்று, அது ஒரே பொருளுக்கு இருமுறை வரி என்பது. கூலி பெறுபவன் கூலிக்கு வரி கட்டிவிட்டு, எஞ்சியதில் அரிசிப்பை வாங்கும்போது மீண்டும் வரி கட்டுகிறான். அதை எவரும் இருமுறை என்று கூறக் காணோம். செல்வனின் பங்கோ, விற்காத வரையில் பத்து மடங்கு ஏறினாலும் அவ்வேற்றத்திற்கு ஒருமுறையும் வரி கட்டியிராது. இரண்டு, செல்வர் நாட்டை விட்டு ஓடிவிடுவர் என்பது. ஓடுபவர் நிலத்தையும் ஆலையையும் தலையில் சுமந்து ஓடுவதில்லை. மூன்று, தொழில் அழியும் என்பது.

மூன்றாவதற்குத் தென்கொரியாவைக் காட்டினால் போதும். அங்கு மரபுரிமை வரியின் உச்ச அளவு 50 விழுக்காடு; சப்பானில் 55; பிரித்தானியாவில் 40. இவை பொதுவுடைமை நாடுகள் அல்ல, முதலாளியத்தின் கோட்டைகள். சாம்சங்கு குழுமத்தின் தலைவர் இலீ குன்-கீ 2020 அக்தோபரில் இறந்தார். அவர் குடும்பத்தார் 12 இலக்கம் கோடி வோனுக்கு மேல் வரி கட்ட வேண்டியதாயிற்று. ஐந்தாண்டுத் தவணையில் கட்டுவதாக 2021இல் அறிவித்தனர். சாம்சங்கு அழிந்துவிடவில்லை. திருப்பெரும்புதூரில் அதன் ஆலை இன்றும் ஓடுகிறது. அங்கே தொழிலாளர் 2024இல் சங்கம் அமைக்கும் உரிமைக்காக ஒரு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பது வேறு செய்தி. கொரியச் செல்வன் தன் நாட்டில் கட்டும் வரியை இந்தியச் செல்வன் இந்நாட்டில் ஏன் கட்டலாகாது?

இதற்கு விடை பொருளியல் நூல்களில் இல்லை. கட்சிகளின் கணக்கேடுகளில் உள்ளது. குழுமங்கள் கட்சிகளுக்கு வழங்கும் நன்கொடைக்கு, மூன்றாண்டுச் சராசரி ஈட்டத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த வரம்பை 2017ஆம் ஆண்டுப் பணச்சட்டம் நீக்கியது. கொடுப்பவர் பெயரை மறைக்கும் தேர்தல் பத்திரங்கள் 2018இல் வந்தன. 2024 பிப்பிரவரி 15இல் உச்ச நயன்மன்றம் அவை செல்லா என்று தள்ளியது. அதற்குள் கோடிகள் பாய்ந்துவிட்டன. மிகுதியாகப் பெற்றது பாரதிய சனதா கட்சி. பேராயக் கட்சியும் பெற்றது. தமிழ்நாட்டில் தி.மு.க.வும் 600 கோடிக்கு மேல் பெற்றது. பொதுவுடைமைக் கட்சிகள் வாங்க மறுத்தன. வாங்கிய கை வரி விதிக்குமோ?

அதே 2024இல், ஏப்பிரல் திங்களில் ஒரு கூத்து நடந்தது. பேராயக் கட்சியின் அயலகப் பிரிவைச் சேர்ந்த சாம் பித்ரோடா, அமெரிக்காவில் மரபுரிமை வரி இருக்கிறது, இங்கும் அது பேசத்தக்கது என்று ஒரு சொல் சொன்னார். உடனே ஆளுங்கட்சி, மக்கள் பிள்ளைகளுக்கு வைத்திருப்பதைப் பறிக்கப் போகிறார்கள் என்று முழங்கியது. நூற்றுக்கு ஐம்பதின்மர் கையில் 6.4 விழுக்காடே இருக்கும் நாட்டில், அவ்வைம்பதின்மரை நோக்கியே அம்முழக்கம் எழுந்தது! பேராயக் கட்சியோ அன்றே, அத்தகைய வரி கொண்டுவரும் எண்ணமில்லை என்று கைவிரித்தது. இந்திரா காந்தியின் உடைமையைக் காக்கவே 1985இல் இறப்புவரி ஒழிக்கப்பட்டது என்று தலைமையமைச்சர் மேடையில் கூறினார். அவ்வரி 1985 மார்ச்சு 16 முதல் இறப்போர்க்கே ஒழிக்கப்பட்டது. இந்திரா இறந்தது 1984 அக்தோபர் 31. நாட்காட்டியைப் பார்க்கக்கூட எவர்க்கும் பொழுதில்லை. இரு பெருங்கட்சிகளும் எல்லாவற்றிலும் மாறுபட்டன. செல்வர்தம் பிள்ளைகளுக்கு வரி கூடாது என்பதில் மட்டும் ஒன்றுபட்டன.

தில்லி செய்யாவிடில் தமிழ்நாடே செய்யலாகாதா என வினவுவார் உண்டு. செய்யலாகாது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், வேளாண்நிலம் அல்லாத உடைமைமேல் செல்வவரியும் இறப்புவரியும் மரபுரிமை வரியும் நடுவண் பட்டியலில் 86, 87, 88 என்னும் எண்களில் அடைக்கப்பட்டுள்ளன. மாநிலத்திற்கு விடப்பட்டவை வேளாண்நிலத்தின்மேல் அவ்வகை வரிகளே. காவிரி நீர் வாராமல் காய்ந்து கிடக்கும் வயலுக்கு இறப்புவரி விதிக்கச் சென்னைக்கு உரிமை உண்டு. சென்னைக் கடற்கரைச் சாலை மாளிகைக்கும் அதனுள் வாழ்வோர்தம் பங்குகளுக்கும் விதிக்க உரிமை இல்லை. மாநிலத் தன்னாட்சி பேசும் கட்சிகளின் கோரிக்கை ஏடுகளில் கல்வி உண்டு, மருத்துவத் தேர்வு உண்டு, பங்கீட்டு விழுக்காடு உண்டு. இம்மூன்று எண்களைக் கேட்டு ஒரு வரி இல்லை.

1985 மார்ச்சு 16இல் பிறந்த குழந்தைக்கு இன்று நாற்பது அகவை கடந்துவிட்டது. அக்குழந்தை ஆலைக்குரியவன் வீட்டில் பிறந்திருந்தால், பாட்டன் விட்டதும் தந்தை விட்டதும் இந்நேரம் அதன் பெயரில் ஏறியிருக்கும். அவ்விரு கைமாற்றத்திற்கும் அரசு கேட்ட இறப்புவரி சுழியம்.